பத்து மதிப்பெண்

ஒரு முன்னாள் காலனியின் இலக்கியம்
எங்கே தொடங்குகிறது? விளக்குக.
போன வருடம் வந்த கேள்வி.
இந்த வருடமும் வரும் என்கிறாள் ஷம்ஷாத்,
அவள் குறித்துக் கொடுத்தது தப்பியதில்லை.

தபால்வழி எம்.ஏ., மூன்றாம் தாள், அமெரிக்கா.
அதுவும் ஒரு காலத்தில் அடிமை நாடுதான் என்றேன்.
சூப்பர்வைசர் திம்மராயன் நம்பவில்லை.
"அவனே வெள்ளைக்காரன்,
அவனை எவன் ஆண்டான்?"
ட்ரம்முக்கு மூடியை முறுக்கிக்கொண்டே
நெடுநேரம் சிரித்தார்.

ஆனி பிறந்தால் ஆலைக்குத் தூக்கமில்லை.
பெங்களூரா ஏற்றிய லாரிகள்
கிருஷ்ணகிரி மேம்பாலம் வரை நிற்கும்.
நான் கூழின் இனிப்பை அளப்பவள்.
ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவே
பன்னிரண்டு நிமிடம்.
முன்னூறு வருடத்து எழுத்தை
பன்னிரண்டு பன்னிரண்டாகத்தான் படித்தேன்.

கவிதை இருக்கும் என்று திறந்தால்
கணக்கு இருக்கிறது.
கப்பலில் எத்தனை பீப்பாய் மாவு,
கடலில் எத்தனை பேர் செத்தார்கள்,
கரையேறிய மாதத்தில் எத்தனை பேர்.
பிறகு பிரசங்கம்.
பிறகு பனி. பக்கம் பக்கமாகப் பனி.

பனி எனக்குப் புரியவில்லை.
மார்கழியில் மலைக்கோட்டையை மூடுகிறதே,
பஸ்ஸுக்குள் ஏறியதும் மறந்துபோகிறதே,
அது இல்லையாம் இது.
ஒருநாள் புத்தகத்தோடு குளிர்கிடங்குக்குள் போனேன்.
மைனஸ் பதினெட்டு.
நாலு பத்தி தாண்டவில்லை,
விரல் தாளைத் தொடுவது விரலுக்கே தெரியவில்லை.
சரி, இப்படித்தான் நடந்திருக்கிறாள்.

அவள் சிறைபிடிக்கப்பட்டவள்.
மீண்டு வந்து எழுதினாள்.
நடந்த நாட்கள், கடந்த ஆறுகள்,
எந்த இரவில் என்ன தின்றாள் என்பது வரை.
ஓர் இரவில் பிடித்துப்போனவர்களில் ஒருத்தி
தன் பங்கிலிருந்து அரைக்கை வெந்த சோளம் தந்தாள்.
அவ்வளவுதான். ஒரு வரி.
அடுத்த வரியில் கடவுளுக்கு நன்றி.

ஓரத்தில் எழுதினேன்: பெயர் என்ன?
என் விரல்பட்டு அந்த இடம் மஞ்சளாகிவிட்டது.
மாங்காய்ப்பால் அரிப்போடு சொறிந்துகொண்டு
முன்னும் பின்னும் தேடினேன்.
சோளம் கொடுத்தவள் எங்குமே இல்லை.
அவள் ஆறுகள் மட்டும் இருக்கின்றன,
கேட்டவன் காதுக்கு எட்டியபடி
எழுத்துப் பிசகி.

நம்மூரையும் அப்படித்தான்
கிஸ்த்னகெரி என்று எழுதிக்கொண்டு போனார்கள் கம்பெனியார்.
ஏரி எத்தனை, புளியமரம் எத்தனை, வரி எத்தனை.
அவர்கள் குதிரைக்கு யார் தண்ணீர் இறைத்தது?
அதற்குக் கட்டம் போடவில்லை.

தேர்வு தருமபுரியில்.
காவேரிப்பட்டணம் தாண்டும்வரை நோட்ஸ் புரட்டினேன்,
பிறகு பஸ்ஸில் ஒரு குழந்தை மடியில் வந்து தூங்கிவிட்டது.
கேள்வி வந்தது. அதே கேள்வி.
ஷம்ஷாத் மூன்றாம் வரிசையிலிருந்து
திரும்பிப் பார்த்துப் புருவம் தூக்கினாள்.

நோட்ஸில் நாலு பாயிண்ட் இருந்தது.
நாட்குறிப்பு, பிரசங்கம், கடிதம், பயணம்.
நான் சோளத்தைப் பற்றி எழுதினேன்.
கொடுத்த கையைப் பற்றி,
எழுதாத கை அது என்று,
இலக்கியம் அங்கே தொடங்கியிருக்கலாம்
ஆனால் தொடங்கவில்லை என்று.
இரண்டரைப் பக்கம். அடிக்கோடு போட நேரமில்லை.

கையெழுத்துத் தாள் வந்தது.
ஹால் டிக்கெட்டில் நான் நாகவேணி இல்லை,
நகவேனி.
கண்காணிப்பாளர் குனிந்து மெல்லச் சொன்னார்:
"அதுல இருக்கிற மாதிரியே போடும்மா,
மாத்துனா ரிசல்ட் நின்னுடும்."

போட்டேன்.
பேனா ஒருமுறை கூடத் தயங்கவில்லை,
அதுதான் உறுத்துகிறது.

ஷம்ஷாத்துக்கு எழுபத்தொன்று.
நகவேனிக்கு ஐம்பத்து மூன்று, பாஸ்.
சோளத்துக்கு எவ்வளவு போட்டார்கள் என்று
மார்க் ஷீட்டில் தெரியாது.